ஜீப்பின் கூரையைக் கழற்றிய சனிக்கிழமை

1

ஊரில் இருப்பவர்களுக்கு முதலில் இந்த ஜீப்பைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். நம் பக்கம் ஜீப் என்றால் தார்ப்பாய்க் கூரை. மழை வந்தால் இழுத்துக் கட்டுவோம், வெயில் வந்தால் சுருட்டிவிடுவோம். கனடாக் குளிருக்கு அந்த வேலை ஆகாது. அதனால் ஃபைபரில் முழுசாக ஒரு கூரை செய்து, எட்டு போல்ட் போட்டு வண்டிமேல் உட்கார வைத்திருக்கிறார்கள். பின்பக்கக் கண்ணாடியும் அதோடு சேர்ந்தது. எழுபது கிலோ இருக்கும். பனி முடிந்து வெயில் வந்ததும் அதைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத் தலை திறந்த வண்டியில் ஊர் சுற்றுவது இங்கே இருப்பவர்களுக்கு ஒரு பண்டிகை. ஆளுக்கு ஒரு பண்டிகை வேண்டுமே.

ஜீப் என் மகள் இலக்கியாவுடையது. பதினெட்டு வயது. பகுதி நேர வேலை பார்த்துப் பழைய வண்டியாக வாங்கினாள். என்னோடு அவள் பேசுகிற பேச்சில் முக்கால்வாசி இந்த வண்டியைப் பற்றியது, மீதி வைஃபை. வருகிற செப்டம்பரில் படிப்புக்காக வேறு ஊர் போகிறாள். ஆகவே ஜீப்புக்கு என்று அவள் எது கேட்டாலும் நான் மறுப்பதில்லை. அதுவும் இல்லாவிட்டால் என்னிடம் கேட்க அவளுக்கு ஒன்றுமில்லை.

போன வருஷம் அந்தக் கூரையை நாலு பேர் சேர்ந்து கையால் தூக்கினோம். நான், என் மனைவி சுமதி, இலக்கியா, பக்கத்து வீட்டுக்காரர். ஒன், டூ, த்ரீ என்றதும் மூன்று பேர் தூக்கினோம். த்ரீ சொல்லி முடித்த பிறகுதான் தூக்க வேண்டும் என்று சுமதி நினைத்திருந்தாள். அவள் பிடித்திருந்த மூலை சரிந்து, அவள் பாதத்துக்கு நாலு விரற்கடை தள்ளித் தரையில் இறங்கியது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது. அவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டு டீ குடிக்கப் போனார்கள். நான் மட்டும் டீ குடிக்கப் போகாமல் அந்த மூலையையே பார்த்துக்கொண்டு நின்றேன். இனிமேல் கையால் தூக்குவதில்லை, கராஜில் எடை தூக்குகிற ஹாய்ஸ்ட் ஒன்று கட்டிவிடுவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

நான் பயந்தது சுமதியின் காலுக்காக மட்டும் இல்லை. இருபத்தாறு வருஷமாக நான் யாரிடமும் சொல்லாத ஒன்று இருக்கிறது. அதை இப்போது எழுதலாம், சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லியாகிவிட்டது.

2

எங்களுக்குக் காட்டுமன்னார்கோயில். அண்ணன் வைத்தி என்னைவிட ஆறு வயது மூத்தவர். அங்கே ஒரு ரைஸ் மில்லில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். நான் சிதம்பரத்தில் படித்து முடித்துவிட்டு, வெளிநாடு போகப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டு வெட்டியாகத் திரிந்தேன். ஒருநாள் மில்லில் பெரிய மோட்டார் ரிப்பேராகிச் சரிசெய்து வந்திருந்தது. அதைத் தூக்கி மேடையில் உட்கார வைக்க வேண்டும். சங்கிலி போட்டுத் தூக்குகிற செயின் பிளாக் கிடைக்கவில்லை. உத்தரத்தில் கப்பி போட்டுக் கயிற்றால் இறக்கிவிடலாம் என்றார் ஃபிட்டர் கலியமூர்த்தி மாமா. மாமா என்பது ஊர் முறைக்கு, ரத்த உறவு கிடையாது. அந்த வட்டாரத்தில் எந்த மில்லில் எது நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

மோட்டாரைக் கொக்கியில் மாட்டியது மாமா. கயிற்றின் இந்த முனையை இரும்புத் தூணில் சுற்றிப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டியது நான்.

"ரெண்டு சுத்து போட்டுக்க தம்பி. ஒரு சுத்துல நிக்காது" என்றார் மாமா.

இரண்டு சுற்று போட்டால் கயிறு அங்குலம் அங்குலமாகத்தான் நகரும். எனக்கு மூன்று மணி டவுன் பஸ்ஸைப் பிடித்துச் சிதம்பரம் போய் பாஸ்போர்ட்டுக்கு போட்டோ எடுக்க வேண்டும். ஒரு சுற்றுதான் போட்டேன்.

மோட்டார் மேடைக்கு ஒரு அடி மேலே இருக்கும்போது வெளியே பஸ் ஹாரன் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். பிடி தளர்ந்தது. கயிறு உள்ளங்கையை அறுத்துக்கொண்டு ஓடியது. அண்ணன் மோட்டாரைப் போல்ட்டுக்கு நேராகத் திருப்புவதற்காக அடியில் கை கொடுத்துக்கொண்டிருந்தார். வலது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் போய்விட்டன.

மோட்டார் விழுந்து கயிறு தளர்ந்ததும் கொக்கி கழன்று பக்கத்தில் கிடந்தது. ஓடி வந்தவர்கள் கண்ணில் முதலில் பட்டது அதுதான். கொக்கி நழுவிவிட்டதா என்று மில் முதலாளி கேட்டார். நான் ஆமாம் என்றேன். அண்ணனை வேனில் போட்டுச் சிதம்பரத்துக்குக் கொண்டுபோன பிறகு, தூணில் இருந்த அந்த ஒரு சுற்றையும் பிரித்துக் கயிற்றை ஒழுங்காகச் சுருட்டி வைத்தேன். சாயங்காலம் மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இரண்டு சுற்று போட்டாயா என்று கேட்டார். போட்டேன் மாமா என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது முடியாத காரியம் என்பார்கள். எனக்கு ரொம்பச் சுலபமாக முடிந்தது. என் உள்ளங்கைக் காயத்தைப் பார்த்து, பாவம், கடைசிவரைக்கும் விடாமல் பிடித்துப் பார்த்திருக்கிறான் என்று எல்லோரும் எனக்காக இரக்கப்பட்டார்கள். அண்ணனும்தான்.

அதற்குப் பிறகு மாமாவை எந்த மில்லும் கூப்பிடவில்லை. ஊரில் அவருக்குக் கொக்கி கலியமூர்த்தி என்று பேர் வந்தது. கொஞ்ச நாளில் குடும்பத்தோடு ஸ்ரீமுஷ்ணம் போய் ஒரு சைக்கிள் கடையில் உட்கார்ந்துவிட்டார். அண்ணன் அவரோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். நான் அடுத்த வருஷம் விமானம் ஏறினேன். போட்டோ அன்றைக்கு எடுக்க முடியவில்லை. அடுத்த வாரம் எடுத்தேன்.

3

இந்த வருஷம் அண்ணன் முதல் தடவையாக இங்கே வந்தார். வருவதற்குள் பட்ட பாடு தனிக் கதை. விசாவுக்குக் கைரேகை எடுக்கும் இடத்தில், நாலு விரலையும் சேர்த்து வையுங்கள் என்று அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள். அண்ணன் இருக்கிற விரல்களை வைத்திருக்கிறார். மிஷின் ஏற்கவில்லை. அழுத்தி வையுங்கள் என்று மறுபடி சொல்லியிருக்கிறாள்.

"இல்லாத வெரல எப்டிம்மா அழுத்துறதுன்னு கேட்டேன். அது எந்திரிச்சி வந்து கையப் பாத்துட்டு, சாரி சார்னு ரெண்டு தபா சொல்லிச்சி" என்று போனில் சிரித்தார். சின்ன வயதில் இலக்கியாவும் அவரை வீடியோவில் பார்த்து, பெரியப்பா, மத்த விரலை எங்கே வச்சிட்டீங்க என்று கேட்டிருக்கிறாள். காட்டுமன்னார்கோயில்ல வச்சிட்டேன் பாப்பா என்றார் அவர். அவளுடைய தமிழ் அப்போதே அந்த மாதிரிதான். தொலைந்தது, வைத்தது எல்லாம் அவளுக்கு ஒன்றுதான்.

இதைக் கேட்டதும், எதற்கும் இருக்கட்டும், விரல் இல்லாததற்கு ஒரு விளக்கக் கடிதம் சேர்த்துவிடுங்கள் என்று விசா விண்ணப்பத்தை நிரப்பித் தந்த ஏஜென்ட் சொன்னார். அழைக்கிறவன் நான் என்பதால் நான்தான் எழுத வேண்டும். வேலை செய்யும் இடத்தில் மோட்டாரை இறக்கும்போது கொக்கி நழுவியதால் ஏற்பட்ட விபத்து என்று ஆங்கிலத்தில் எழுதினேன். இலக்கியாவைக் கூப்பிட்டுப் பிழை பார்க்கச் சொன்னேன். ஒரே ஒரு காற்புள்ளியை மாற்றிவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்றாள். அன்றைக்கு வாயால் ஆமாம் என்றேன். இப்போது அதற்குக் கீழே கையெழுத்தும் போட்டேன்.

அண்ணன் ஊர் திரும்புவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று அப்போது நினைத்தேன். விமான நிலையத்திலேயே சொல்லலாம் என்றிருந்தேன். அவர் ஒரு பை நிறைய முந்திரிப் பருப்போடு வந்து நின்றார். என்னால் முடியவில்லை.

4

நான் இங்கே ஒரு உணவுத் தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் வேலை பார்க்கிறேன். தூக்குவதும் இறக்குவதும்தான் பிழைப்பு. அதனால் ஹாய்ஸ்ட்டை அரைகுறையாகக் கட்ட மனசு வரவில்லை. கராஜின் கூரைச் சட்டங்கள் பனியைத் தாங்கச் செய்தவை, ஒரே இடத்தில் எடையைத் தொங்கவிட்டால் தாங்கும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை. நகராட்சி அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டேன். மூன்று வாரம் கழித்து, தொங்கப்போவது மனிதரா பொருளா என்று திருப்பிக் கேட்டார்கள். பொருள் என்றேன். அப்படியானால் வேறு ஒரு பிரிவுக்கு எழுதச் சொன்னார்கள். நான் கூரையை நம்புவதை விட்டுவிட்டு, இரண்டு பக்கமும் தரையிலிருந்து கம்பம் நிறுத்தி, அவற்றின்மேல் இரட்டை உத்தரம் போட்டேன். உத்தரத்தில் நாலு கப்பி. நாலு மூலைக்கும் கொக்கி மாட்டிய நைலான் பட்டை. எல்லாவற்றையும் சேர்த்து இழுக்க, சுவரில் ஒரு கை வின்ச்.

இந்த வின்ச்சைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கைப்பிடியைச் சுற்றினால் ஏறும், எதிர்ப்பக்கம் சுற்றினால் இறங்கும், விட்டுவிட்டால் அப்படியே நிற்கும். உள்ளேயே பிரேக் உண்டு. மனிதன் திரும்பிப் பார்த்தாலும், தும்மினாலும், ஹாரன் சத்தம் கேட்டாலும் அதற்குக் கவலையில்லை. கடையில் மலிவாக வேறு வகைகள் இருந்தன. நான் அவற்றின் பக்கம் போகவில்லை.

அண்ணன் வந்த மறுநாளிலிருந்து கராஜிலேயே குடியிருந்தார். வீட்டுக்குள் அவருக்குப் பொழுது போகவில்லை. கூரையைப் போல இரண்டு மடங்கு எடைக்கு, பனியில் தூவுகிற உப்பு மூட்டைகளைக் கட்டி ஒருநாள் முழுக்கத் தொங்கவிட்டுச் சோதித்தோம். கம்பத்தைத் தட்டிப் பார்த்தார், போல்ட்டை இழுத்துப் பார்த்தார், எல்லாம் திருப்தி. கொக்கியைப் பார்க்கும்போது மட்டும் முகம் மாறியது.

"கொக்கிய நல்லாப் பாத்துக்க தம்பி. கலியமூர்த்தி மாட்டுன மாதிரி மாட்டி வச்சிடாத."

யார் கலியமூர்த்தி என்று இலக்கியா கேட்டாள். நான் அவளுக்கு ஆங்கிலத்தில் சொன்னேன், ஊரில் எல்லோருக்கும் தெரிந்த அந்தக் கதையைத்தான். அவள் பெரியப்பாவின் கையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அந்த மனுஷன் மன்னிப்புக் கேட்டாரா என்றாள். எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு ஸ்பேனரைத் தேடுகிறவன் மாதிரி குனிந்துகொண்டேன். ஸ்பேனர் என் கையில்தான் இருந்தது.

கடைசி வேலையாக வண்டியைச் சுற்றித் தரையில் மஞ்சள் டேப் ஒட்டினேன். கூரை மேலே இருக்கும்போது அந்தக் கோட்டுக்குள் யாரும் வரக் கூடாது, அடியில் கை வைக்கக் கூடாது. எங்கள் தொழிற்சாலையில் இதுதான் முதல் விதி. அண்ணனுக்கு இது பிடிக்கவில்லை. கோட்டுக்கு வெளியே அவருக்கு நாற்காலி போட்டதும் விருந்தாளியை வாசலிலேயே நிறுத்தியது மாதிரி பார்த்தார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நம் பக்கம் நாலு பேர் எதையாவது தூக்கும்போது ஐந்தாவது ஆள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியுமா? கல்யாண வீட்டில் சோற்று அண்டாவை இறக்கினாலும், பஸ் மேலே மூட்டை ஏற்றினாலும், வழியில் போகிறவனும் ஒரு கை கொடுத்துவிட்டுத்தான் போவான். கொடுக்காதவனை ஊரே பேசும். எடை, கம்பம், கப்பி எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்ட நான், இந்த ஒரு பழக்கத்துக்கு டேப் போதும் என்று நினைத்துவிட்டேன்.

5

சனிக்கிழமை காலை. இலக்கியா எட்டு போல்ட்டையும் கழற்றி, பின்கண்ணாடிக்குத் தண்ணீர் போகும் குழாயைப் பிடுங்கி, வயரையும் விலக்கினாள். வேலை சுத்தம். நான் வின்ச்சின் கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்தேன். கூரை லேசாக முனகிவிட்டு வண்டியை விட்டு எழும்பியது. ஒரு சாண், இரண்டு சாண். இலக்கியா போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

இரண்டடி உயரத்தில் பின்மூலை கொஞ்சம் தாழ்ந்தது. பட்டை இழுபட்டு இறுகியதுதான், ஆபத்து ஒன்றும் இல்லை. ஆனால் நான் சொல்வதற்குள் அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்து, மஞ்சள் கோட்டைத் தாண்டி, அந்த மூலைக்கு அடியில் இரண்டு கையையும் கொடுத்து நின்றார்.

நான் சுற்றுவதை நிறுத்தினேன். கைப்பிடியை விட்டால் கூரை நிற்கும். அது எனக்குத் தெரியும், இரண்டு மடங்கு எடை போட்டுப் பார்த்தவனே நான்தான். இருந்தும் என் விரல்கள் கைப்பிடியை விடவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"அப்பா, விடுங்க. அது விழாது. நீங்கதானே சொன்னீங்க" என்றாள் இலக்கியா.

அண்ணே, வெளியே வாங்க என்று கத்தினேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. அவர் அசையவில்லை. மூன்று விரல் கை கூரையின் விளிம்புக்கு அடியில் இருந்தது. அங்கிருந்தே சிரித்தார்.

"நீ புடிச்சிருக்கல்ல தம்பி, அப்புறம் எனக்கு என்னா பயம்?"

அதைக் கேட்டுவிட்டு என்னால் அதற்கு மேல் சும்மா இருக்க முடியவில்லை. இலக்கியாவை அனுப்பி அவர் கையைப் பிடித்துக் கோட்டுக்கு வெளியே கூட்டி வரச் செய்தேன். பிறகு கைப்பிடியிலிருந்து கையை எடுத்தேன். கூரை அப்படியே நின்றது. எதற்கும் இருக்கட்டும் என்று உத்தரத்திலிருந்து தனியாகத் தொங்கவிட்டிருந்த இரண்டு சங்கிலிகளையும் அதன் சட்டத்தில் மாட்டினேன். அண்ணனை நாற்காலியில் உட்கார வைத்து, எதிரில் உப்பு மூட்டைமேல் நான் உட்கார்ந்தேன்.

"அண்ணே, அன்னைக்குக் கொக்கி நழுவல. நான்தான் கயித்த விட்டேன்."

அவருக்கு உடனே புரியவில்லை. முழுசாகச் சொன்னேன். இரண்டு சுற்று போடச் சொன்னது, ஒரு சுற்று போட்டது, பஸ், போட்டோ, பிறகு கயிற்றைப் பிரித்துச் சுருட்டி வைத்தது, மாமா கேட்டபோது பொய் சொன்னது. சொல்லி முடிக்கும்வரை அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மேலே தொங்கிய கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே சுற்றா என்று ஒருமுறை கேட்டார். ஒன்றுதான் என்றேன்.

நான் பேசியது முழுக்கத் தமிழ். இலக்கியாவுக்குப் பாதிதான் புரியும் என்று நினைத்திருந்தேன். அவள் போனைக் கீழே இறக்கிவிட்டு, "என்கிட்ட வேற மாதிரி சொன்னீங்க, அப்பா. அந்த லெட்டர்லயும்" என்றாள். கோபம் இல்லை, சரி பார்க்கிற குரல். அது கோபத்தைவிட வலித்தது.

அண்ணன் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வெரலு போனது போச்சி. அதுக்கு நான் என்னைக்கோ பழகிட்டேன்" என்றார். கையை மடியில் வைத்துவிட்டு, "அந்தக் கலியமூர்த்தி பொண்ணு கல்யாணத்துக்குப் பத்திரிக வச்சாரு, தம்பி. வூடு தேடி வந்து வச்சாரு. நான் உள்ள வாங்கன்னுகூடச் சொல்லல" என்றார்.

பிறகு அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

"அங்க இப்ப மணி என்னா?"

"ஏழரை இருக்கும்" என்றேன்.

அந்தப் பத்திரிகையிலிருந்த நம்பரை அவர் போனில் ஏற்றி வைத்திருந்தார். பேசாத ஆளின் நம்பரை எதற்கு வைத்திருந்தார் என்று நான் கேட்கவில்லை. இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்கள். மாமா, நான் வைத்தி பேசறேன் என்றார் அண்ணன். தம்பி ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம், கேளுங்க என்று போனை என்னிடம் நீட்டினார். அவர் முகத்தில் தயவு தாட்சண்யம் ஒன்றும் இல்லை.

வாங்கிக்கொண்டேன். நலம் விசாரிக்கத் தெரியவில்லை. நேராகச் சொன்னேன்: அன்றைக்கு நீங்கள் இரண்டு சுற்று சொன்னீர்கள், நான் ஒன்றுதான் போட்டேன், கயிறு என் கையிலிருந்துதான் போனது, கொக்கி அதற்குப் பிறகுதான் கழன்றது.

மாமா இருமினார். வயதாகிவிட்ட இருமல். ஏன் இத்தனை வருஷம் சொல்லவில்லை என்று கேட்பார், சாபம் விடுவார், போனை வைத்துவிடுவார் என்றெல்லாம் நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"அப்ப நான் சரியாத்தான் மாட்டியிருக்கனா?"

"சரியாத்தான் மாட்டியிருந்தீங்க மாமா."

"நானே நம்பிட்டேன்பா. எங்கயோ கை தப்பிடுச்சின்னுதான் இத்தினி வருஷமும் நெனச்சிக்கிட்டிருந்தேன்." மறுபடி இருமினார். "இரு, வச்சிடாத. ஒங்க அத்தயக் கூப்புடறேன். அவளுக்கும் கேக்குற மாதிரி இன்னொரு தபா சொல்லு."

யாரோ செருப்பைத் தேய்த்துக்கொண்டு நடந்து வருவது கேட்டது. போனை ஸ்பீக்கரில் போட்டார்கள் போல, டிவி சத்தமும் கூடவே வந்து, பிறகு நின்றது. நான் முதலிலிருந்து ஆரம்பித்தேன்.